நாலாம் கதிரை ஜனாதிபதி

என் வாழ்நாளில் நான் ஊசி குத்திய ஜனாதிபதி ஒருவர்தான். அதுவும் ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமைக்கு மூன்று நாள், நாளுக்கு இரண்டு ஊசி, வருடக்கணக்காகக் குத்தியிருக்கிறேன். நான் ஓய்வு பெற்ற பிறகும் எங்கள் சிறுநீரகப் பிரிவில் வேலை செய்யும் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்பது இதைத்தான். "அன்ரி, நாலாம் கதிரையில இருக்கிற அந்த வயசான மனுசன், தான் ஒரு நாட்டுக்குப் பிரசிடென்ற்றா இருந்தனான் எண்டு சொல்லுறார். உண்மையோ, இல்லாட்டி மறதி வருத்தமோ?"

உண்மைதான் பிள்ளைகளே. இறப்பர்ச் செருப்பும் பழைய பூச்சட்டையும் போட்டுக்கொண்டு லிட்கத்திலிருந்து ரயிலேறி வருகிறாரே, அவர் மூன்று தடவை ஜனாதிபதியாக இருந்தவர். ஒவ்வொரு முறையும் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்தில் தாதியாகப் பயின்றேன். இங்கே சிட்னிக்கு வந்ததும் அந்தப் பயிற்சி செல்லாது என்றார்கள். முதியோர் இல்லத்தில் படுக்கை விரித்துக்கொண்டே திரும்பப் படித்தேன். அந்த வருடங்களை என்னைப் போல வந்த எல்லாரும் எழுதிவிட்டார்கள்; நான் வேறு எழுதி யாரை அழவைக்க. பரமட்டாவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இரத்தச் சுத்திகரிப்புப் பிரிவில் வேலை கிடைத்தது. நோயாளிகள் சாய்ந்திருக்கப் பன்னிரண்டு கதிரைகள், பன்னிரண்டு மெஷின்கள். அங்கேயே இருந்து நரைத்துவிட்டேன்.

எங்கள் பொறுப்பாளர் ஹெலன். உயரமான, ஒல்லியான வெள்ளைக்காரி. கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், ஹெலனுக்கு இறங்கும். காதுக்குக் கேட்காத அளவுக்கு அவர் பேசத் தொடங்கினால் நாங்கள் எல்லாரும் வேலையில் புகுந்துவிடுவோம். காலையில் நோயாளிகளை அவர் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டு நான் கண்டதில்லை. "நேற்று என்ன சாப்பிட்டீர்கள்" என்றுதான் கேட்பார். வாசலில் தராசு இருக்கும். எவராக இருந்தாலும் செருப்பைக் கழற்றி, சட்டைப்பையைக் காலி செய்துவிட்டு ஏறவேண்டும். இலக்கத்தை ஹெலனே வாசித்து, பென்சிலால் எழுதி, பிறகுதான் காலை வணக்கம் சொல்வார். சிறுநீரகம் போனவருக்குக் குடிக்கும் தண்ணீர் வெளியேறாது, உடம்பிலேயே நிற்கும். ஒரு கிலோ கூடினால் ஒரு லீற்றர் தண்ணீர் உள்ளே நிற்கிறது என்று கணக்கு. மெஷின் நாலரை மணி நேரம் ஓடி அந்தத் தண்ணீரையும் கழிவையும் எடுக்கும். நிறையைப் பிழையாக எழுதினால் எடுப்பதும் பிழைக்கும், ஆள் கதிரையிலேயே மயங்குவார்.

ஒரு நாள் ஹெலன் என்னைக் கூப்பிட்டு, "நாளை முதல் நாலாம் கதிரைக்கு ஒருவர் வருகிறார். ஒரு தீவு நாட்டின் ஜனாதிபதி. வெளியே தெரியக்கூடாது. நீங்கள் பாருங்கள்" என்றார்.

நானும் ஒரு தீவிலிருந்து வந்தவள்தான். ஜனாதிபதி என்ற சொல்லை நான் கேட்டு வளர்ந்த விதம் வேறு. அந்தச் சொல்லுக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டு ஓடியிருக்கிறோம். அப்படியொரு பதவியில் இருப்பவர் ஒரு நாள் என் ஊசிக்குக் கையை நீட்டிக்கொண்டு படுத்திருப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்கு வேறு கதிரை தாருங்கள்" என்று கேட்டேன்.

ஹெலன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரல் இறங்கியது. "சாந்தா, அவர் திங்கள் புதன் வெள்ளிக்காரர். காலை நேரம். நிறை எண்பத்து நாலு. இதற்கு மேலே எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. உங்களுக்கும் தெரியத் தேவையில்லை."

அவ்வளவுதான். மறுநாள் அந்த ஜனாதிபதி, மிஸ்டர் இலாமு, வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னதும் கழற்றினார். பையிலிருந்த சில்லறை, மூக்குக்கண்ணாடி, தேவாலயத்துச் சின்னப் புத்தகம் எல்லாவற்றையும் என் கையில் தந்துவிட்டுத் தராசில் ஏறினார். இடது கையில் நாடி, நாளம் என்ற இரண்டு இரத்தக் குழாய்களையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று அதிரும். அந்த அதிர்வு இருந்தால்தான் ஊசி குத்தலாம். சற்று அழுத்தித்தான் குத்தினேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவர் முகத்தைச் சுளிக்காமல், "நன்றி சிஸ்டர்" என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் எனக்கு அவர் சொன்னதெல்லாம் தமிழில்தான் நினைவிருக்கிறது. எங்கள் ஊர்த் தமிழில். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

நாலரை மணி நேரம் ஒரு அரசியல்வாதியைக் கதிரையில் கட்டிப்போட்டால் பேசாமல் என்ன செய்வார். முதல் மாதம் நான் "உம்" மட்டும் கொட்டினேன். பிறகு காது தானாகத் திறந்துவிட்டது. அவருடைய நாட்டை ஒரு காலைக்குள் மோட்டார் சைக்கிளில் சுற்றி வந்துவிடலாமாம். பதினொரு ஊர்கள். பாராளுமன்றத்தில் பதினேழு பேர். இவர் தொடக்கத்தில் வானொலியில் காலநிலை வாசித்தவர். மீன்பிடிக்கப் போகலாமா, வேண்டாமா என்று தீவு முழுக்க இவர் குரலைக் கேட்டுத்தான் முடிவெடுத்தார்களாம். "நான் நிண்ட முதல் தேர்தல்ல ஆரும் என்ர கொள்கையைக் கேக்கேல்ல சிஸ்டர். நாளைக்குக் காத்து எப்பிடி எண்டுதான் கேட்டவை."

அப்படி உள்ளே போனவர் சுகாதார அமைச்சரானார். பிறகு ஜனாதிபதி. ஒரு வருடத்தில் கவிழ்த்தார்கள். மறுபடி வந்தார். மறுபடி கவிழ்த்தார்கள். "கவிழ்த்தவனோட கோவம் இல்லையோ?" என்று ஒரு நாள் கேட்டேன். அதுதான் நானாகக் கேட்ட முதல் கேள்வி.

"கோவிச்சு எங்க போறது? பாண் கடை அவன்ர. அடுத்த நாள் காலமை அங்கதானே போகவேணும்" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். ஊரில் நாங்கள் கண்ட பெரியவர்கள் பாண் ரொட்டி வாங்கப் போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

அவருடைய தீவில் சுத்திகரிப்பு மெஷின் கிடையாது. சிறுநீரகம் போனால் வெளிநாட்டுக்குப் போகவேண்டும், அல்லது வீட்டில் படுத்துச் சாகவேண்டும். விசாவும் வசதியும் இல்லாதவர்களுக்கு இரண்டாவதுதான். இவர் மூன்றாம் முறை ஜனாதிபதியாக இருக்கும்போதுதான் இவருக்கே அந்த நோய் வந்தது. கட்சிக்காரர்கள் மறைத்தார்கள். ஜனாதிபதி சிட்னியில் பேச்சுவார்த்தையில் இருக்கிறார் என்று வானொலியில் சொன்னார்கள். அவர் நாலாம் கதிரையிலிருந்து தொலைபேசியில் நாட்டை நடத்தினார். ஒரு கையில் ஊசி, மறு கையில் தொலைபேசி.

அந்த வருட வரவு செலவுத் திட்டத்தில் அவர் ஒன்றைச் சேர்த்திருந்தார். தீவு ஆஸ்பத்திரியில் இரண்டு கதிரை, இரண்டு மெஷின், அவற்றுக்கு வேண்டிய தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஆலை. மெஷினைத் தருவதற்கு ஆள் பிடிக்கலாம், தண்ணீர் ஆலைதான் பெரிய வேலை. அது பாராளுமன்றத்தில் நிறைவேற வேண்டும். அவர் பக்கம் ஒன்பது பேர், அவரையும் சேர்த்து. எதிர்ப்பக்கம் எட்டு. அவர் போகாவிட்டால் எட்டுக்கு எட்டு. சமமானால் சபாநாயகர்தான் முடிவு சொல்வார்; அவர் எதிர்ப்பக்கத்து ஆள். திட்டம் விழும், தண்ணீர் ஆலையும் அதோடு போய்விடும்.

"நான் போகவேணும்" என்றார்.

வைத்தியர் முடியவே முடியாது என்றார். விமானம் கிழமைக்கு இரண்டு தடவைதான். சனிக்கிழமை போனால் புதன்கிழமைதான் திரும்பலாம். ஐந்து நாள் மெஷின் இல்லாமல் இருப்பதென்றால் உடம்பில் தண்ணீர் மட்டுமல்ல, பொட்டாசியமும் ஏறும். அது ஏறினால் இதயம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். வைத்தியர் இதையெல்லாம் விளக்கினார். மிஸ்டர் இலாமு மரியாதையாகக் கேட்டுவிட்டு, "என் பொறுப்பில் போகிறேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

நான் ஹெலனிடம் போய் நீங்களாவது மறியுங்கள் என்றேன். ஹெலன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அவர் போகத்தான் போகிறார். எப்படி உயிரோடு திரும்பி வருவது என்பதை மட்டும் யோசியுங்கள். அது உங்கள் வேலை" என்றார். சனிக்கிழமை காலையில் மேலதிகமாக ஒரு தடவை மெஷினில் போடவும், அடுத்த வியாழன் காலை முதல் ஆளாக எடுக்கவும் அவரே ஒழுங்கு செய்தார். மிச்சத்தை என்னை நம்பி விட்டார். அந்த நம்பிக்கைக்கு இன்றைக்கும் நான் அவருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நானும் அவரும் ஐந்து நாளையும் வேளை வேளையாகப் பிரித்து எழுதினோம். எவ்வளவு தண்ணீர், எந்த மீன், எந்தக் கிழங்கு, எந்த மருந்து. எல்லாம் எழுதி முடித்த பிறகு மனுசன் மெதுவாகச் சொல்கிறார், "இன்னொண்டு இருக்கு சிஸ்டர். இளநீர்."

அவருடைய தீவில் கடல் தாண்டிப் போய்த் திரும்பும் தலைவர் ஒவ்வொரு ஊருக்கும் போகவேண்டும். ஊர் மண்டபத்தில் ஒரு இளநீர் வெட்டி நீட்டுவார்கள். நின்றபடியே முழுவதையும் குடித்து, வெறும் இளநீர்க் கோம்பையைக் கவிழ்த்துக் காட்டவேண்டும். ஒரு துளி மிச்சம் வைத்தாலும் அந்த ஊரை அவமதித்ததாக அர்த்தம். பதினொரு ஊர், பதினொரு இளநீர். அவர் பக்கத்து ஒன்பது பேரில் எந்நேரமும் மாறக்கூடிய ஒரு மனுசனுடைய ஊர் கடைசி ஊர். அங்கே அவமதிப்பு என்று கதை போனால் வாக்கும் போய்விடும்.

இளநீர் நிறையப் பொட்டாசியம். சுகமான ஆளுக்கு அமிர்தம், எங்கள் நோயாளிகளுக்கு நஞ்சு. "பதினொண்டு குடிச்சால் நீங்கள் சபைக்குப் போகமாட்டியள், சவப்பெட்டிக்குத்தான் போவியள்" என்று ஏசினேன். ஜனாதிபதியை ஏசுகிறேன் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. வேலை முடிந்து கோயிலுக்குப் போனேன். ஐயர் தீர்த்தம் தந்தார். ஒரு சின்னக் கரண்டி. வாங்கிக் குடித்துவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இவ்வளவு காலமும் ஒருவரும் ஐயரிடம், செம்பில் இருப்பது முழுவதையும் தாருங்கள் என்று கேட்டதில்லையே. வீட்டுக்கு வந்து சாமி அறையில் இருந்த எங்கள் தீர்த்தக் கரண்டியை எடுத்து அளந்து பார்த்தேன். ஐந்து மில்லிலீற்றர். பதினொரு கரண்டி என்றால் ஐம்பத்தைந்து. அரைத் தேத்தண்ணிக் கோப்பை கூட இல்லை.

சனிக்கிழமை காலை கரண்டியை அவருக்கு விளக்கினேன். "இது எங்கட கோயில் முறை. ஒரு கரண்டி வாங்கினால் முழுக்க வாங்கினது போல. உங்கட ஆக்களுக்கும் கடவுள் இருக்குத்தானே, விளங்கும்."

அவர் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் கரண்டியால குடிக்கிறாய் எண்டு கேப்பினமே."

"கேட்டால் சொல்லுங்கோ."

எனக்குச் சொல்வதற்கு இரண்டு சொல். அவருக்கு அது முப்பது வருட அரசியல். நோயாளி என்று தெரிந்தால் அடுத்த முறை யாரும் அவரை அந்தக் கதிரையில் இருத்தமாட்டார்கள். நான் ஊசியைக் கழற்றிக் கட்டுப் போட்டுவிட்டேன். அவர் கரண்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "போட்டு வாறன் சிஸ்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஐந்து நாளும் நான் வேலை செய்தேன் என்றால் கை செய்தது, அவ்வளவுதான். தீவில் என்ன நடந்தது என்று அறிய வழியில்லை. வியாழன் காலை ஏழு மணிக்கு நாலாம் கதிரை மெஷினை ஆயத்தமாக வைத்தேன். எட்டாகியும் அவரைக் காணவில்லை, ஒன்பதும் போனது. முந்தைய நாள் புறப்பட்ட விமானம் இடையில் ஒரு தீவில் பழுதாகி நின்றதாம். பதினொன்றரைக்கு ஒரு சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். முகம் வீங்கியிருந்தது. கால் இரண்டும் தூண். தராசில் ஏற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஹெலன் இலக்கத்தை வாசித்தார். ஆறு கிலோ அதிகம். இதயத் துடிப்புப் படத்தில் அலைகள் ஊசி ஊசியாக நின்றன. இரத்தம் எடுத்தோம். ஐந்துக்குள் இருக்கவேண்டிய பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது.

வைத்தியர் ஓடி வந்து இதயத்துக்கு மருந்து ஏற்றினார். நான் கையைப் பிடித்தேன். வீங்கிய கையில் நாளம் புதைந்து கிடந்தது. விரலை வைத்து அதிர்வைத் தேடிக் குத்தினேன். தவறிவிட்டது. எத்தனையோ வருடமாக எனக்கு ஊசி தவறியதில்லை. ஹெலன் பின்னால் வந்து நின்றார். ஊசியை வாங்கவும் இல்லை, தள்ளி நில் என்று சொல்லவும் இல்லை. என் தோளில் கையை வைத்தார். இரண்டாம் முறை ஊசி இறங்கியது. மெஷின் ஓடத் தொடங்கியது.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அலைகள் தணிந்தன. அவர் கண்ணைத் திறந்தார். எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது.

"எத்தினை குடிச்சனீங்கள்?"

"ரெண்டு" என்றார் திருடனைப் போல. "முதல் ஊரில கரண்டியை எடுக்க வெக்கமாக் கிடந்தது. ரெண்டாம் ஊரிலயும் அப்பிடித்தான். மூண்டாம் ஊரில கோம்பையைக் கையில வாங்கின உடன நெஞ்சு படபடவெண்டு அடிச்சுது. பயந்திட்டன். கோம்பையைக் கீழ வைச்சுப்போட்டு சட்டைக் கையை மடிச்சுக் காட்டினன்."

ஊர் மண்டபத்தில் எல்லாருக்கும் முன்னால் கையை நீட்டி, எனக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில்லை, சிட்னியில் பேச்சுவார்த்தை எதுவும் இல்லை, கிழமைக்கு மூன்று நாள் ஒரு மெஷினில் கிடக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிறகு கரண்டியால் ஒரு கரண்டி எடுத்துக் குடித்திருக்கிறார். ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து அவருடைய கையைத் தொட்டுப் பார்த்தாராம். விர்ரென்று அதிர்ந்ததும் கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாராம். அந்தத் தீவில் செய்தி மோட்டார் சைக்கிளை முந்திக்கொண்டு போகும். நாலாவது ஊருக்கு இவர் போனபோது அங்கே இளநீரோடு ஒரு கரண்டியும் ஆயத்தமாக இருந்திருக்கிறது. ஐந்தாவது ஊரில் ஒரு பெண் வந்து, என் தங்கச்சியும் இப்படித்தான் வீங்கிக் கிடக்கிறாள், வெளியே சொல்லவில்லை என்றாள். அடுத்த ஊரில் இன்னொருவர். அதுவரை எல்லா வீட்டிலும் மறைத்துத்தான் வைத்திருந்திருக்கிறார்கள். இவர் ஒவ்வொரு பெயரையும் தேவாலயப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

"வாக்கு?" என்று கேட்டேன்.

"ஒன்பதுக்கு எட்டு" என்றார். பிறகு நித்திரையாகிவிட்டார். நான் மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு ஜனாதிபதி வென்றதற்காக அழுவேன் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவருக்குப் பைத்தியம் என்றிருப்பேன்.

நோயாளி நாட்டை ஆளக்கூடாது என்று இரண்டு மாதத்தில் அவரைக் கவிழ்த்தார்கள். கவிழ்த்தது அதே பாண் கடைக்காரர்தான். ஆனால் நிறைவேறிய திட்டத்தில் அவர் கை வைக்கவில்லை. தண்ணீர் ஆலை கப்பலில் போனது. ரூத் என்று ஒரு தாதியைத் தீவிலிருந்து எங்களிடம் மூன்று மாதம் பயில அனுப்பினார்கள். கெட்டிக்காரி. ஹெலனே பக்கத்தில் நின்று அவளுக்கு எல்லாம் பழக்கினார். மிஸ்டர் இலாமு அவளுடைய பழகும் ஊசிகளுக்குத் தன் கையைத் தந்தார். முதல் கிழமை பாவம், அவருடைய கை முழுக்கக் கன்றியிருந்தது.

ஒரு புதன்கிழமை காலை ரூத் தீவிலிருந்து அழைத்தாள். எல்லாம் ஆயத்தம், நாளை தொடங்குகிறோம் என்றாள். தொலைபேசியை நாலாம் கதிரைக்குக் கொண்டுபோய் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன். ஹெலனும் வந்து நின்றார். இரண்டு கதிரை, காலை ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, ஒவ்வொருவருக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள். கூட்டிப் பார்த்தால் எட்டுப் பேருக்கு இடம். ரூத் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தாள். அவர் ஒவ்வொரு பெயருக்கும் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு ஆளைச் சொன்னார். இது படகு கட்டுகிறவன். இது அந்தத் தங்கச்சிக்காரி. இது பள்ளிக்கூட ரீச்சர், மூன்று பிள்ளை. எட்டாவது, பாண் கடைக்காரருடைய தாய்.

நான் அவருடைய பெயருக்குக் காத்திருந்தேன். ரூத் வாசிக்கவில்லை. "சரி ரூத், நாளைக்குத் தொடங்கு" என்று அவர் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

"உங்கட பேர் இல்லையே" என்றேன். எனக்குக் குரல் ஏறிவிட்டது. பக்கத்துக் கதிரைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவைக்கு விசா இல்லை சிஸ்டர். எனக்கு இஞ்ச ஒரு கதிரை இருக்கு, நீங்கள் இருக்கிறியள். ஆர் வீட்டில கிடந்து சாகினமோ அவையை முதல்ல போடச் சொன்னன்."

"நீங்கள் கட்டின இடம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தந்திருப்பினம்."

"ஓம், தந்திருப்பினம்" என்றார். "அதுதான் கேக்கேல்ல."